‘பார்த்தவர்’ என்ற கட்டம்

செய்தி செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. இரண்டாயிரமாவது வருடம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் குழம்பிவிடும் என்று கம்பெனிக்காரர்கள் பயந்துகொண்டிருக்கிற காலம் இது. அம்பத்தூர் எஸ்டேட்டில் அந்தத் தேதிகளைத் திருத்துவதுதான் இப்போது என் வேலை. போனை எடுத்த பெண், “ஆவடியிலிருந்து வசந்தியாம்” என்று நீட்டினாள். வசந்தி அக்கா சுற்றி வளைக்கவில்லை. “சுகந்தி, கிருபா போய்ட்டாரும்மா. காலைல கடை தொறக்கப் போனவரு, ஷட்டரைப் பாதி தூக்கிட்டு அப்டியே உக்காந்துட்டாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு.”

நாற்பத்தொரு வயது. பூந்தமல்லி கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை. அதுதான் அவருடைய கடைசி உத்தியோகம்.

இரங்கல் கூட்டத்துக்கு வந்திருந்த உங்களில் பலர் அழுதீர்கள். சுகந்தி மட்டும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தாள் என்று பிறகு யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உண்மைதான். என்னையும் பேசக் கூப்பிட்டார்கள், மாட்டேன் என்றேன். அன்று வாயைத் திறந்திருந்தால் வசவு தவிர வேறு எதுவும் வந்திருக்காது. செத்தவர் வீட்டு வாசலில் அது வேண்டாம் என்று வந்துவிட்டேன். இப்போது எழுதுகிறேன். எழுதும்போதும் கோபம் குறையவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கிருபாகரனும் நானும் மூன்று வருடத்துக்கு முன் அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஒன்றாக வேலை பார்த்தோம். பகலில் பாடம் நடத்தும் இடம். அதன் மாடியில் ஒரு பெரிய கம்ப்யூட்டர், நான்கு டெலிபோன் லைன். வீட்டிலோ ஆபீஸிலோ மோடம் வைத்திருக்கிறவர்கள் போன் வழியாக அதற்குள் வரலாம். மோடம் இல்லாதவர்கள் நேரில் வந்து எங்கள் மாடியிலேயே உட்காரலாம். வந்தால் விளையாட ‘ஏழு ஏரி’ என்று ஒரு விளையாட்டு. கிருபா எழுதியது. படம் கிடையாது, சத்தம் கிடையாது. கறுப்புத் திரையில் ஆங்கில எழுத்தில் தமிழ் ஓடும். ‘நீ மூன்றாம் ஏரிக் கரையில் நிற்கிறாய். எதிரே ஒரு படகு.’ அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குத்தான் ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்தும் முகப்பேர் ஹவுசிங் போர்டிலிருந்தும் உங்களையும் சேர்த்து நூறு பேருக்கு மேல் வந்தார்கள். நடந்தார்கள், மீன் பிடித்தார்கள், வீடு கட்டினார்கள், மாதக்கணக்கில் பாடுபட்டு ஒரு படகோ ஒரு தோப்போ சேர்த்தார்கள். யாரிடம் என்ன இருக்கிறது என்பது முழுவதும் ஒரே ஒரு கோப்பில் இருந்தது.

“விளையாட்டுதானே” என்று யாராவது சொன்னால் கிருபாவுக்குப் பிடிக்காது. “படகு பொய்யி, ஒத்துக்கறேன். அதுக்குப் போட்ட ஆறு மாசம் நெசம். அத யாரு திருப்பிக் குடுப்பா?” என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார், ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டார்.

அந்தக் கோப்பை தினமும் மதியம் ஃப்ளாப்பியில் நகல் எடுக்க வேண்டும். எடுக்கும் பொறுப்பு என்னுடையது. எடுக்கும்முன் விளையாட்டை மூட வேண்டும், எல்லாரையும் பத்து நிமிடம் வெளியே அனுப்ப வேண்டும். இதை ஒரு அட்டையில் சிவப்பு மையால் எழுதி கிருபா கம்ப்யூட்டரின் நெற்றியில் ஒட்டியிருந்தார். ‘மூடாமல் காப்பி எடுக்காதே.’ எங்கள் முதலாளிக்கு அந்த அட்டை கண்ணை உறுத்தியது. அவர் பெயரை எழுதப்போவதில்லை, உங்கள் எல்லாருக்கும் தெரியும். யாரோ பெரிய மனிதர்கள் சென்டரைப் பார்க்க வருவதாக இருந்த ஒரு நாள், மாடியில் வேறு யாரும் வருவதற்கு முன், என் கண் எதிரே, அவர் தன் கையாலேயே அதைக் கிழித்தார். “மத்தியானம்தான் கூட்டமே வருது, அப்ப போய் மூடுவாங்களா? ஓடிக்கிட்டே இருக்கட்டும், நீ பாட்டுக்குக் காப்பி எடு” என்றார். கிருபா அன்று தங்கை கல்யாணத்துக்காக விடுப்பில் இருந்தார். திரும்பி வந்ததும் அட்டை எங்கே என்று கேட்டார். கீழே விழுந்துவிட்டது போல என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் புதிதாக ஒன்று எழுதி ஒட்டினார். அதுவும் ஒரு வாரத்தில் காணாமல் போனது. மூன்றாவது அட்டையை அவர் நேராக முதலாளி அறைக்கே எடுத்துப் போய்க் கொடுத்தார், “மாட்ட வேணாம்னா வேணாம் சார், மூட மட்டும் சொல்லுங்க” என்று. வெறுங்கையோடு திரும்பி வந்து என்னிடம், “அவரு கெடக்குறாரு, நீங்க மூடிட்டே எடுங்க மேடம்” என்றார். நான் தலையாட்டினேன். முதலாளி மதியமெல்லாம் மாடியிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் மூடவில்லை.

மூடாமல் எடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? எல்லாக் கோப்பும் ஒழுங்காக நகலாகும், ஒன்று மட்டும் ஆகாது. பொருள்கள் இருக்கிற கோப்பு. அது திறந்தே இருப்பதால் கம்ப்யூட்டர் அங்கே நின்று, ‘இது பயன்பாட்டில் இருக்கிறது, விட்டுவிட்டு மேலே போகட்டுமா?’ என்று கேட்கும். தினமும் கேட்டது. தினமும் போ என்று நான் கீபோர்டில் ஒரு சாவியை அழுத்தினேன். இரண்டு மாதம். சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கையால்.

ஒரு வெயில் மதியம் மின்சாரம் போய்ப் போய் வந்தது. யுபிஎஸ்ஸில் பேட்டரி செத்துப் பல நாளாகியிருந்தது, மாற்றச் சொல்லி கிருபா கேட்டது நடக்கவில்லை. நான்காவது முறை மின்சாரம் வந்தபோது ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தகரத்தைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அதோடு முடிந்தது. புது டிஸ்க் போட்டு ஃப்ளாப்பிகளை ஏற்றினோம். ஏரிகள் வந்தன, பாதைகள் வந்தன, ஆட்களின் பெயர்கள் வந்தன. எல்லாரும் கரையில் வெறுங்கையோடு நின்றார்கள்.

கிருபா ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அதே சில ஃப்ளாப்பிகளில் மாற்றி மாற்றி எடுத்ததால் இரண்டு மாதத்துக்கு முந்தைய நகலும் அழிந்திருந்தது. பிறகு என் மேஜைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“மேடம், காப்பி எடுக்கறப்ப எதுனா மெசேஜ் வந்துச்சா?”

“வந்தது.”

“டெய்லியா?”

“ஆமா.”

அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த ஃப்ளாப்பியை உறையில் போட்டுவிட்டு, “சரி. இனிமே வந்தா சொல்லுங்க” என்று எழுந்து போனார்.

முதலாளிக்கு உடனே ஒரு யோசனை வந்தது. தொலைத்ததை அவரவர் எழுதிக் கொடுத்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அறிவித்தார். இரண்டே நாளில் காகிதம் குவிந்தது. அயனம்பாக்கத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிற பலராமன் நாற்பது படகு என்று எழுதியிருந்தார். ஏழு ஏரியிலும் சேர்த்து இருந்ததே முப்பதுக்குள்தான். தோப்பு கேட்டவர்களுக்கெல்லாம் தோப்பு கொடுத்தால் ஏரியைத் தூர்த்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவர்கள், பிள்ளை குட்டிக்காரர்கள், இல்லாத படகுக்குக் கூசாமல் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அப்படிப் போட்ட உங்களில் சிலர் இரங்கல் கூட்டத்தில் முன் வரிசையில் இருந்தீர்கள்.

கிருபா அந்தக் காகிதக் கட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார். அவருடைய அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்தவர். அங்கே ஒவ்வொரு சாமான் பெட்டியிலும் ஒரு அட்டை தொங்கும், பின் கார்டு என்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்பது அதில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை சரிபார்க்கும்போது அந்தப் பிரிவுக்காரனை எண்ண விட மாட்டார்களாம். அடுத்த பிரிவிலிருந்து ஆள் வந்து எண்ணிக் கையெழுத்துப் போட வேண்டும். கிருபா அதே மாதிரி அட்டை அச்சடித்தார். நான்கு கட்டம். யாருடையது, என்ன, எங்கே, பார்த்தவர். ஆளுக்கு ஐந்து அட்டை. தன்னுடையதைப் பற்றி யாரும் எழுதக்கூடாது, அடுத்தவரிடம் என்ன பார்த்தாய் என்று மட்டும் எழுத வேண்டும். ஒரு பொருளுக்கு இரண்டு பேர் தனித்தனியாக எழுதியிருந்தால் அது திரும்பி வரும். ஒருவர் எழுதினால் வராது.

“தொலைச்சவன் சொல்லக் கூடாது மேடம். பாத்தவன் சொல்லணும்” என்றார்.

தனக்காக அத்தனை பொய் எழுதிய அதே ஆட்கள் அடுத்தவருக்காக எழுதும்போது ஒழுங்காக எழுதினார்கள். பொறாமையும் ஒரு காரணமாக இருக்கலாம், யாரும் யாருக்கும் ஒரு படகு கூடுதலாகப் போடவில்லை. ஆனால் குறைத்தும் போடவில்லை. மூன்று வாரம் இருவரும் அட்டைகளை ஜோடி சேர்த்தோம். பலராமனின் நாற்பது படகு மூன்றாக வந்து நின்றது. அவர் மாடிப்படியில் நின்று எங்கள் இருவரையும் கேட்கக் கூசுகிற வார்த்தையில் ஏசிவிட்டு, இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்று போனார்.

வசந்தி அக்காவின் விளக்குதான் சிக்கலானது. ஆவடி குவார்ட்டர்ஸில் இருக்கிற வசந்தி அக்கா மதியம் வீட்டு வேலை முடிந்ததும் பஸ் பிடித்து வந்து எங்கள் மாடியில் உட்காருவார். விளையாட்டுக்குள் அவர் பெயர் விளக்குக்காரன். ஆம்பளைப் பெயர் வைத்தால்தான் நிம்மதியாக நடக்க முடிகிறது என்பார். எட்டு மாதம் தனியாக நடந்து, யாரும் அதிகம் போகாத ஏழாம் ஏரியின் முனையில் ஒரு விளக்கு ஏற்றியிருந்தார். அவருக்கு இருந்த சொத்தே அதுதான். போகிற ஆள் இல்லாததால் பார்த்த ஆளும் இல்லை. ஒரே ஒரு அட்டை வந்தது. நானே இரண்டாவது அட்டை எழுதிவிடுகிறேன் என்றேன். “நீங்க பாத்தீங்களா?” என்றார் கிருபா. பார்த்ததில்லை. “அப்ப எழுதாதீங்க.” அந்த நிமிடம் அவர்மேல் எரிச்சலாக வந்தது. எல்லா ஏரியும் சுற்றியவர் பலராமன்தான் என்று அடுத்த நாள் அவரைத் தேடி கிருபா சைக்கிளை எடுத்துக்கொண்டு அயனம்பாக்கம் கிளம்பினார். சண்டை வந்தால் தடுக்கலாம் என்று நானும் மொபெட்டில் பின்னால் போனேன்.

பலராமன் வாசலில் லாரி கழுவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டார்.

“இன்னாத்துக்கு வந்த? மூணுலயும் ஒண்ணக் கொறைக்கப் போறியா?”

“உன் படகு மூணுதான் அண்ணாத்தே, அதப் பேச வர்ல. ஏழாம் ஏரில வெளக்கு ஒண்ணு கீதா? நீ பாத்துகிறியா?”

பலராமன் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு யோசித்தார். “பாத்துகிறேன். ரெண்டு தபா வயி தவறி அங்க போய் மாட்டிகினேன். அந்த வெளிச்சத்த வச்சித்தான் வெளிய வந்தேன். அது யாருதுபா?”

“எய்து. அப்பால சொல்றேன்.”

லாரியின் பானட் மேல் அட்டையை வைத்து எழுதிக் கொடுத்தார். விளக்கு மறுநாள் எரிந்தது. வசந்தி அக்கா திரையைப் பார்த்து முந்தானையால் கண்ணைத் துடைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

எல்லாருக்கும் எல்லாம் வந்த பிறகு ஒரே ஒரு பொருள் வரவில்லை. நான்காம் ஏரிக் கரையில் கிருபாவுக்கு ஒரு டீக்கடை இருந்தது. புதிதாக வருகிறவர்களுக்கு அங்கே ஓசி டீ, கூடவே வழியும் சொல்லிக் கொடுப்பார். உங்களில் அங்கே டீ குடிக்காமல் ஏரிக்குள் போனவர் ஒருவர்கூட இருக்க முடியாது. அந்தக் கடைக்கு ஒரு அட்டைகூட வரவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரவர் அட்டையில் படகுக்காரரையும் தோப்புக்காரரையும் எழுதினார்களே தவிர, டீக்கடையும் ஒருவருடைய பொருள் என்று யாருக்கும் தோன்றவில்லை. நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் கிருபா, ஒரு வரிதானே என்றேன். “எனக்கு நானே போட்டுகினா நாளிக்கு எவன் என் கார்ட நம்புவான்? ரெண்டு பேர் எய்தட்டும், வரும்” என்றார். நான் எழுதியிருக்கலாம். அந்தக் கடையில் நான் தினமும் போய் உட்கார்ந்தவள். எழுதவில்லை, அதற்குள் நிலைமை மாறிவிட்டது.

வேலை முடிந்த மறுநாள் திரையில் ஒரு அறிவிப்பு வந்தது. ‘பொருள் இழப்புக்குக் காரணமான நிர்வாகி கிருபாகரன் கவனக்குறைவுக்காக நீக்கப்படுகிறார். தொடர எந்தச் சாவியையும் அழுத்தவும்.’ உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் அது வந்தது. ஒவ்வொருவரும் ஒரு சாவியை அழுத்தி, அவர் மீட்டுக் கொடுத்த படகில் ஏறி மீன் பிடிக்கப் போனீர்கள். ஒரே ஒருவராவது முதலாளியிடம் போய் ஏன் என்று கேட்டீர்களா? எனக்குத் தெரிந்து வசந்தி அக்கா கேட்டார். அவரைப் போய்ச் சமையலைப் பார்க்கச் சொன்னார் முதலாளி.

உங்களைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். எனக்கு யோக்கியதை இல்லை. சாவியை அழுத்துவதை உங்களுக்கு முன்னாலேயே நான்தான் ஆரம்பித்தேன். அந்த அறிவிப்பு வந்த அன்று காலை, “நான்தான் என்று சொல்லிவிடுகிறேன்” என்று கிருபாவிடம் சொன்னேன். அவர் டப்பாவையும் ஸ்க்ரூடிரைவரையும் பையில் போட்டுக்கொண்டிருந்தார். “ரெண்டு பேரும் போய்ட்டா ஏரிய எவன் பாத்துக்கறது? நீங்க இருங்க” என்றார். வேண்டாம் என்று ஒரு தடவைதான் சொன்னார். அந்த ஒரு தடவையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நான் மூன்று வருடம் வாயை மூடியிருந்தேன். அவர்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. அவ்வளவு லேசாக என்னை விட்டிருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு அம்பத்தூரில் எந்த கம்ப்யூட்டர் சென்டரும் அவரைச் சேர்க்கவில்லை. போகிற இடமெல்லாம் முதலாளி போன் போட்டுச் சொல்லியிருந்தார். ஏழு ஏரியும் ஆறு மாதத்தில் நின்று போனது, பார்த்துக்கொள்ள என்னால் முடியவில்லை. ஒருமுறை பூந்தமல்லி கடைக்குப் போனேன். பத்திரம், மனு, சான்றிதழ் என்று வந்தவர்களுக்கெல்லாம் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தாளையும் இயந்திரத்திலிருந்து எடுத்து அசலோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். வரிசை கதவுக்கு வெளியே நின்றது. “காப்பி எட்துட்டா போதுமா, வந்துகிதான்னு பாக்க வேணாமா?” என்று யாரோ ஒருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேச்சை மாற்றி டீ சொன்னார். அது இரண்டாம் டீ, நான்காம் ஏரிக் கரையில் கொடுத்த முதல் டீக்கே நான் நன்றி சொன்னதில்லை.

இரங்கல் கூட்டத்தில் முதலாளி பெரிய மாலையோடு வந்தார். “கிருபாகரன் எங்கள் குடும்பத்தில் ஒருவர். சின்னத் தவறு நடந்தாலும் மனிதர் தங்கம்” என்று பேசினார். சின்னத் தவறு. செத்த பிறகும் அந்தப் பழியை அவர் மேலேயே சாத்தி, மன்னிப்பும் தானே வழங்கிவிட்டுக் கீழே இறங்கினார். நீங்கள் கை தட்டாத குறைதான்.

நான் கிளம்பும்போது கிருபாவின் மனைவி செல்வி ஒரு செருப்பு அட்டைப் பெட்டியைக் கொண்டு வந்து கொடுத்தார். “உங்க ஆபீஸ் சாமானாம், தூக்கிப் போட விடவே மாட்டாரு” என்றார். ஏழு ஏரியின் அட்டைகள். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டுக் கட்டாக. அடியில் ஒரு அட்டை மட்டும் தனியாக இருந்தது. யாருடையது: கிருபாகரன். என்ன: டீக்கடை. எங்கே: நாலாம் ஏரி. பார்த்தவர்: வசந்தி.

ஒரு அட்டை வந்திருக்கிறது. ஒன்று போதாது என்பதால் மூன்று வருடமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு இன்னொன்றுக்காகக் காத்திருந்திருக்கிறார். சென்டரில் தினமும் எதிரில் உட்கார்ந்திருந்த என்னிடம் கேட்கவில்லை.

இரண்டாவதை அன்றே எழுதி அதோடு சேர்த்துக் குத்திவிட்டேன். பார்த்தவர்: சுகந்தி. கடை வந்துவிட்டது கிருபா. வைக்கத்தான் ஏரி இல்லை.

கிருபாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பெட்டியைத்தான். எழுதாத அட்டைகள் இன்னும் ஒரு கட்டு அதில் இருக்கின்றன. அதில் ஒன்றை எடுத்து இப்படி எழுதினேன். யாருடையது: கிருபாகரன். என்ன: நல்ல பெயர். எங்கே: அம்பத்தூர் மாடியில், மூடாமல் காப்பி எடுக்காதே என்ற அட்டை இருந்த இடத்தில். பார்த்தவர்: சுகந்தி. பார்த்தது மட்டுமில்லை, தொலைத்தவளும் நான்தான், தினமும் அந்தச் சாவியை அழுத்தியவள் நான்தான். ஆனால் கிருபாவின் விதிப்படி ஒரு அட்டை போதாது. அந்தச் சிவப்பு எழுத்தைக் கிழிக்கும்போது மாடியில் இருந்தது இரண்டு பேர். இன்னொருவரின் விலாசத்துக்கு ஒரு காலி அட்டையைப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்ட ஒப்புகைச் சீட்டு நான்காம் நாள் திரும்பி வந்துவிட்டது. அட்டை வரவில்லை.

வாரத்துக்கு ஒன்று அனுப்பிக்கொண்டிருக்கிறேன். கட்டு தீர்ந்தால் பூந்தமல்லிக்குப் போவேன். கடையை இப்போது செல்வி நடத்துகிறார், அங்கேயே நகல் எடுத்துக்கொள்வேன்.